முதல் வரியைத் திருத்த மாட்டேன்

'நான் அழகு' என்று எழுதியதற்காக வகுப்புக்கு வெளியே நின்றவள் நான். இன்றைக்குக் கைபேசியில் தன் படத்தைத் தானே எடுத்து ஊருக்கெல்லாம் காட்டாதவர் யார்? அப்போது அது குற்றம். இன்றும் சொல்கிறேன், நான் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

பந்தலூருக்குப் பக்கத்தில், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பு. எங்கள் டீச்சர் கோயமுத்தூர்க்காரர். ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளர்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'நான்' என்று தொடங்கிப் பத்து வரி. மனதில் பட்டதை எழுதுங்கள் என்று அவர்தான் சொன்னார். முதல் மார்க் வாங்குகிறவள் 'நான் ஒரு நல்ல மாணவி, நான் பெரியோர் சொல் கேட்பேன்' என்று எழுதினாள். ஐந்து நிமிடத்தில் அது வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. பார்த்து எழுதிய அவசரத்தில் பையன்களிலும் மூன்று பேர் நல்ல மாணவி ஆனார்கள்.

நான் யாரையும் பார்க்கவில்லை. முதல் வரி, நான் அழகு. பிறகு, நான் அட்டை கடித்தால் அழமாட்டேன். நான் யானையைக் கண்டு ஓடவில்லை, யானைதான் போனது. இப்படிப் பத்து.

டீச்சர் முதல் வரியை உரக்கப் படித்ததும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் நல்ல கறுப்பு. என் முன்பற்கள் எனக்கு முன்பே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்துவிடும் என்பார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. சிரிப்பை அதட்டி அடக்கிவிட்டு, "என் மனசு அழகுன்னு திருத்திக்க கண்ணு" என்று பேனாவை நீட்டினார். மனசை நான் எங்கே கண்டேன்? கண்ணாடியில் தினமும் பார்ப்பது முகத்தைத்தான்.

"திருத்த மாட்டேன் டீச்சர்" என்றேன்.

அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது. தலைக்கனம் என்றார். அம்மாவோடு வந்து மன்னிப்புக் கேட்கும்வரை வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். சாரல் அடிக்கும் வராந்தாவில் மணி அடிக்கும்வரை நின்றேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பள்ளியை விட்டு நின்ற அக்காக்கள் எல்லாரும் கொழுந்து பறிக்கத்தான் போனார்கள். எனக்கும் அதே கதிதானோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் அந்த வரியை அடிக்கக் கை வரவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு அப்படியே அம்மா வந்தாள்.

"ஏனுங்கம்மா, படிப்புல கடைசி பெஞ்சு. அதுக்கு இத்தனை தலைக்கனம் ஆகுமுங்களா? ஒரு மன்னிப்புக் கேட்டுட்டாப் போதுமுங்க" என்றார் டீச்சர்.

அம்மா தாளை வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் பத்து வரியையும் படித்தாள்.

"இதுல எது பொய்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். தொட்டபடியே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். நான் அம்மாவை உரித்து வைத்தாற்போல் இருப்பேன். அதே நிறம், அதே பற்கள். டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "உள்ள போ" என்று மட்டும் என்னிடம் சொன்னார். தாள் ஓர் எழுத்துக்கூட மாறாமல் என் கைக்கே திரும்பி வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா, முகம்கூடக் கழுவாமல் அந்தத் தாளைக் கேட்டாள். பின்பக்கம் காலியாக இருந்தது. "எனக்கும் பத்து எழுது" என்றாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் ரெண்டாம் நம்பர் லயத்து மருமக. நான் ஒங்கப்பா பொஞ்சாதி. நான் ஒன்னோட அம்மா."

"அதெல்லாம் மத்தவங்களப் பத்தி. ஒன்னப் பத்திச் சொல்லும்மா."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள், ஊதினாள், மறுபடி தள்ளினாள். எனக்கு நொடியில் பத்து வந்தது, இவளுக்கு ஒன்றுகூட வரவில்லையே என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் ஒன்று சொன்னாள்.

"நான் இன்னைக்கு மன்னிப்புக் கேக்கல. எழுது."

"இது நடந்த சமாச்சாரம்மா. தைரியசாலி, நல்லவ, இப்படி ஏதாச்சும் மாத்திச் சொல்லு."

"மாத்த ஒண்ணுமில்ல. அப்படியே எழுது."

என்ன பிடிவாதம் இவளுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன்.