இன்ஸ்பெக்டரும் காணாமல்போன மச்சானும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் செத்துப்போவார். பெரும்பாலும் பணக்காரக் கிழவராக இருப்பார். சில வேளைகளில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒருமுறை, ஆற்றில் தூண்டில் போட வந்த பாதிரியார். என் மனைவி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பிளேன்டீயும் கையுமாக அந்த இழவுக்குத் தயாராக இருப்பாள்.

பிரிட்டிஷ்காரர் எடுத்த பழைய துப்பறியும் தொடர் அது. ஜெர்மன் குரல் கொடுத்து ஒரு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதில் வருகிற கார்களையும் தொலைபேசிகளையும் இனி நூதனசாலையில்தான் பார்க்கலாம். நடித்தவர்களில் பாதிப்பேர் உண்மையாகவே போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனாலும் சுவிஸில், எம்மன்புரூக்கே ஊரில், எங்கள் கீழ்மாடியில் இருக்கும் சுவிஸ் தம்பதியர் ஒரு ஞாயிறும் தவறவிடுவதில்லை. தொடக்க இசை எங்கள் வீட்டில் வருவதற்கு ஒரு நொடி முந்தி அவர்கள் வீட்டிலிருந்து தரை வழியாக ஏறி வரும். தொழிற்சாலையில் என்னோடு ஷிஃப்ட் வேலை செய்யும் போர்த்துக்கீசனும் பார்க்கிறானாம். உலகத்தில் வேறு வேலை இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எனக்குப் பொறுமை குறைவு. அந்த இன்ஸ்பெக்டருக்கோ அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. நரைத்த தலை, தொளதொளத்த கோட். காரை விட்டு இறங்கவே அரை நிமிடம் எடுப்பார். கூட வருகிற சார்ஜன்ட் எப்போதும் பசியோடு இருப்பான். ஒரு வீட்டுக்குப் போவார்கள், தேநீர் குடிப்பார்கள், பூந்தோட்டத்தைப் பற்றிக் கதைப்பார்கள், அடுத்த வீட்டுக்குப் போவார்கள். நான் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டே கிண்டல் அடிப்பேன்.

“இது முந்தியும் பாத்ததல்லோ? அந்த மருந்துக்கடைக்காரன்தான் கொலைகாரன்.”

“ஓம், தெரியும்.”

“தெரிஞ்சா பிறகேன் இருந்து பாக்கிறீர்?”

“உங்களுக்கு விளங்காது. பேசாமல் இருங்கோ.”

புதிய தொடர்களை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கணினியும் ரத்தமுமாக, படபடவென்று ஓடுகிறவை. பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவாள். “இதுகளில முழுக்கக் கொலைகாரன்ரை கவலைதான் கதை. செத்தவளைப் பற்றி ஒருத்தரும் கேக்கினமில்லை” என்றாள் ஒருமுறை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

என் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. நான் அவனை நேரில் கண்டதில்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன போரின் கடைசி நாட்களில், இருபத்திரண்டு வயதில் காணாமல் போனான். அதற்குப் பிறகுதான் அவள் என்னைக் கலியாணம் செய்து இங்கே வந்தாள். அவளுடைய பேர்ஸில் அவனுடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று உண்டு. அதைத் தவிர அவனைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. புண்ணைக் கிளறக் கூடாது என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தால் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருவாள். காப்புறுதி விற்கிறவனாக இருக்கும். முகம் விழுந்துபோய்த் திரும்பிப் போவாள். இத்தனை வருடமாக அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

போன கார்த்திகையில்தான் அந்தப் பிழையைச் செய்தேன். எங்கள் தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறை, சுவிஸ்காரர்களின் கோயிலில் நடக்கும். கத்தோலிக்கருக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர், இறந்த ஆன்மாக்களுக்கான மாதம் என்பதால், ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். பாதர் ஒவ்வொன்றாக வாசிக்க, வீட்டுக்காரர் பீடத்தின் முன் போய் ஒரு பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்த முறை தாளை நான் நிரப்பினேன். என் அப்பா, அம்மா, மாமா, மாமி. பேனை நிற்கவில்லை. ஐந்தாவதாக மச்சானின் பெயரையும் எழுதினேன்.

அவனுக்கும் ஒரு மெழுகுதிரி எரியட்டும், ஒரு செபமும் இல்லாமல் அந்த ஆன்மா அலையக் கூடாது என்று நினைத்தது உண்மை. அவள் ஓடுவது இதோடு நிற்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. அவளிடம் கேட்கத் துணிவு இல்லாமல் கோயிலைக் கொண்டு சொல்லிவிக்கப் பார்த்தேன்.

பூசையில் அவள்தான் எழுந்து போனாள். நான்கு திரிகளைக் கொளுத்தினாள். திரும்பப் போகும்போது பாதர் ஐந்தாவது பெயரை வாசித்தார், பீடத்தில் நின்ற பையன் இன்னொரு திரியை அவள் கையில் கொடுத்தான். அவள் அப்படியே நின்றாள். பின்னால் அடுத்த குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. கொளுத்தாத திரியைக் கையில் பிடித்தபடி வந்து என் பக்கத்தில் இருந்தாள். பூசை முடியும்வரை என்னைப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில்தான் வாய் திறந்தாள்.

“அங்கை அரசாங்கக் கந்தோரில மரணச் சான்றிதழைக் கொண்டுவந்து கையில தரப் பாத்தவங்கள். நான் வாங்கேல்லை. அம்மா சாகுமட்டும் வாங்கேல்லை. நீங்கள் கோயில்ல வைச்சு எனக்குத் தந்திட்டீங்கள்.”

“நல்லதுக்கெண்டுதான்...”

“ஆர் சொன்னது அவன் செத்திட்டானெண்டு? நீங்கள் கண்டனீங்களோ?”

 நேரிலேயே காணாத ஒருவனை நான் அடக்கம் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு, சாப்பாடு மேசையில் இருக்கிறது என்ற அளவோடு நின்றது. இரண்டு ஞாயிறு தொலைக்காட்சி போடவில்லை. கீழ்மாடியிலிருந்து தொடக்க இசை மட்டும் ஏறி வந்தது. அவள் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே கழுவினாள். முன்பு இரைச்சலாகப் பட்ட அந்த இசை எங்கள் வீட்டில் நின்றபோதுதான் இழவு விழுந்தது போல் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு நானே போட்டேன். கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, முதல்தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். பாண் சுடும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் காணவில்லை. எவனோடாவது ஓடியிருப்பாள் என்று ஊர் சொல்கிறது. மேலதிகாரி விசாரணைக் கோப்பை மூடச் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அவளுடைய தாயின் சமையலறையில் போய் உட்காருகிறார். காலையில் என்ன சாப்பிட்டாள், எந்தச் சப்பாத்துப் போட்டாள், கோபமாகப் போனாளா, சிரித்துக்கொண்டு போனாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தாய் சொல்லச் சொல்லத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். சார்ஜன்ட் பசியோடு வாசலில் நிற்கிறான்.

 இந்த ஆமை வேகத்துக்காகத்தான் என் மனைவி ஞாயிறு தோறும் காத்திருந்தாள். ஒரு சாதாரண மனிசிக்காக ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார், கேட்டதைக் குறித்துக்கொள்கிறார், விடை கிடைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை. அவளுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கையில் துவாயோடு கதவு நிலையில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சத்தத்தைக் குறைத்தேன்.

“அவன் அண்டைக்கு என்ன உடுத்திருந்தவன்?” என்று கேட்டேன்.

அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்தாள்.

“நீலச் சாரம். மேல ஒரு பழைய வெள்ளைச் சேட், பொத்தான் ரெண்டு இல்லை. நான் தைச்சுத் தாறனெண்டு சொன்னனான், தைக்கேல்லை.”

“எங்கை போனவன்?”

“தண்ணிக்கு. ரெண்டு கானோட.” துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். “அவன் போக மாட்டனெண்டவன். களைப்பா இருக்கு, பிறகு போறன் எண்டவன். நான்தான் பேசிக் கலைச்சனான். சோம்பேறியெண்டு பேசினனான். ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போனவன்.”

இத்தனை வருடம் அவள் எதைச் சுமந்துகொண்டு என்னோடு வாழ்ந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் செத்துவிட்டான் என்றால் அவளே சாக அனுப்பியதாக ஆகும். அது போதாதென்று நானும் இறந்தவர் தாளில் அவன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அவன் மூக்கால் பாடுவது, கறியில் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்குவது, சைக்கிளுக்குப் பெயர் வைத்தது என்று இருட்டும்வரை சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்று பாண்கடைப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று இருவருமே பார்க்கவில்லை.

மார்கழிப் பூசைக்கு முந்தி, மன்றாட்டுப் பெயர்கள் எழுதும் அண்ணையிடம் போனேன். அவரிடம் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று இறந்தவர்களுக்கு. மற்றது நோயாளிகள், சோதனை எழுதுகிறவர்கள் என்று உயிரோடு இருப்பவர்களுக்கு. மச்சானின் பெயரைச் சொன்னேன்.

“இது போன மாதம் செத்தவையளோட வாசிச்ச பேரல்லோ?”

“ஓம் அண்ணை. அது நான் விட்ட பிழை.”

“அப்ப ஆள் உயிரோட இருக்கிறாரோ?”

“தெரியாது.”

அண்ணை பேனையை வைத்துவிட்டார். “தெரியாட்டி நான் எந்தத் தாளில எழுதுறது?”

“வேற ஒரு தாள் எடுங்கோ. நாங்கள் தேடிக்கொண்டிருக்கிற ஆள் எண்டு எழுதுங்கோ.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு புதுத் தாள் எடுத்தார்.

பாதர் அதை அப்படியே வாசித்தார். “குடும்பத்தார் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் இவருக்காக மன்றாடுவோம்.” ஒரே ஒரு பெயர். பின்வரிசையில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் பற்றீசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடன் நகரிலிருந்து வந்த ஒரு அக்கா, எங்களோடு அதுவரை தலையசைப்புக்கு மேல் பழகாதவர், நேரே என் மனைவியிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்தத் தாளில என்ரை மகன்ரை பேரையும் போடலாமோ?”

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். தேநீர்க் கோப்பைகள் கையில் ஆறிக்கொண்டிருந்தன. என் மனைவி என்னிடம் பேனை கேட்டு வாங்கினாள். ஒரு கதிரையை இழுத்து அந்த அக்காவுக்குப் போட்டாள்.

“பேரை மட்டும் சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ அக்கா. இருங்கோ. அவரைப் பற்றிச் சொல்லுங்கோ.”