சாம்பல் ஆறவில்லை

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் இருந்த அரிசி மில்லில் கௌஸ் பாஷா பதினெட்டு வருஷம் பாய்லர் பார்த்தார். நெல் அவிக்க ஆவி வேண்டும், ஆவிக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்கு உமி. எரிந்த உமியின் சாம்பலை வாரி மில்லின் பின்பக்கம் குவிப்பதும் அவர் பொறுப்புதான். கோபக்காரர் இல்லை, ஆனால் வேலையில் யாரும் தனக்குச் சொல்லித்தரக் கூடாது என்கிற வீம்பு உண்டு. அந்த வீம்புக்குத் தகுந்த வேலைச்சுத்தமும் இருந்தது.

சூடு என்பது ஒவ்வொரு பொருளிலும் ஒவ்வொரு மாதிரி குடியிருக்கும் என்று அவர் சொல்வார். இரும்பு ஒளிக்காது. ஒரு முனையில் பட்டதை மறுமுனைக்கு அப்போதே கொண்டுவந்து கொடுத்துவிடும். கோட்டை இருக்கிற ராஜகிரிப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஊருக்குள் விடும். உமிச்சாம்பல் இருக்கிறதே, அது யாருக்கும் விடாது. கம்பளி போர்த்தினாற்போல மேலே போர்த்திக்கொண்டு, உள்ளே ஒரு வாரம் வரைக்கும் கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் எவரும் அதில் கால் வைத்துப் பார்த்தவர்கள் இல்லை.

ஆகவே மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டிய குவியலின் உச்சியில் ஒரு ஆவாரங்குச்சியை இலையோடு நட்டு வைப்பார். இலை வாடினால் உள்ளே நெருப்பு. புதிதாக நட்டது ஒரு நாள் முழுக்கப் பச்சையாக நின்றால்தான் சாம்பல் ஆறியதாகக் கணக்கு. மழை நாளில் மட்டும் குச்சியை நம்பக் கூடாது. நீளக் கம்பியை அடிவரை சொருகி, நூறு எண்ணி, உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவரே கௌஸ் பாஷாதான்.

எண்பத்தொன்றில் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, அடைமழை சற்று விட்டிருந்த காலையில், சிங்கவரத்திலிருந்து பவுனம்மாள் கூடையோடு வந்தாள். களத்தில் நெல் காயப்போடும் உத்திராபதியின் மனைவி. பண்டிகைக்குப் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கச் சாம்பல் கேட்டாள். கௌஸ் பாஷா டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பி பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்திருந்தது. எழுந்திருக்கச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார், ஆவார இலை பச்சையாக இருந்தது.

"ஆறிப்போச்சும்மா, போயி வாரிக்கோ" என்றார்.

மழை நனைத்தது மேல் நாலு விரல்தான். நனைந்த சாம்பல் இறுகி ஆடை கட்டியிருந்தது. குச்சி அந்த ஈரத்தில் நின்றது, பச்சையாகத்தான் நிற்கும். பவுனம்மாள் குவியலின் மேல் ஏறினாள். ஆடை நொறுங்கி, இரண்டு காலும் முட்டிவரை உள்ளே போயின. கௌஸ் பாஷாதான் ஓடிப்போய் இழுத்தார். இழுத்ததில் அவருடைய முன்கைகளும் வெந்தன. பதினோராம் நாள் அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தெரியாத்தனமாகப் போய் ஏறிவிட்டாள் என்று ஊர் பேசியது. அவர் கை வெந்ததைப் பார்த்துப் பெரிய மனுஷன் என்றும் பேசியது. அவர் மறுக்கவில்லை.

மறுக்காததற்கு அவருக்குக் கிடைத்த கூலி வேறு. ஆறின தரையில் நின்றாலும் உள்ளங்கால் சுட்டது. வீட்டில் மனைவி மெஹராஜ் பேகம் அப்பளத்தை ஒடித்தால், அந்தச் சத்தத்துக்கே எழுந்து போய்விடுவார். எதையும் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் எடுக்கமாட்டார், தண்ணீர்ச் செம்பைக்கூட. மழைத் தூறலில் மில்லுக்குப் பின்பக்கம் போனால், குவியலின் மேல் கூடையோடு ஒருத்தி நின்று, போகலாமா என்று கேட்பதுபோல் இவரைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் போகாதே என்று வாய்விட்டே கத்திவிட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பேயென்றால் ஓதி ஓட்டலாம், இது அவர் சொன்ன சொல்லாயிற்றே, எதை ஓதுவது?

பவுனம்மாளின் மகள் சாரதா அதே களத்துக்கு வேலைக்கு வந்தாள். எண்பத்தேழு சித்திரையில், சிமெண்ட் களம் தோசைக்கல்லாகக் காய்கிற மத்தியானத்தில், மற்றப் பெண்களெல்லாம் ரப்பர் செருப்போடு நெல் தள்ள, இவள் மட்டும் வெறுங்காலோடு தள்ளினாள். காலில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. கௌஸ் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்.

"அம்மா காலு வெந்தது என்னாலதான் பாய்" என்றாள். "அன்னிக்கி சாம்பலுக்கு நான் போவ வேண்டியது. மழையில எவ போவான்னு பட்த்துக்கினேன். அத்தொட்டு அவங்க போனாங்க."

 தான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தன் பங்கையும் சேர்த்து ஒரு பெண் ஐந்து வருஷமாகச் சுமக்கிறாள். சொல்லிவிட்டால் அவள் கால் செருப்பைப் பார்க்கும். சொன்னால் தன் பெயர் போகும், வேலையும் போகலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது, இதையும் அவர் எடைபோட்டுப் பார்த்தார். எட்டு நாள் பார்த்தார். ஒன்பதாம் நாள் காலை, களம் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"சாரதா, ஒங்கம்மா தானா போவல. ஆறிப்போச்சு, வாரிக்கோன்னு நான்தான் சொன்னேன். கம்பி உட்டுப் பாக்கல. தப்பு என்னுது, ஒன்னுது இல்ல."

அவள் பெருக்குவதை நிறுத்தினாள். அழுவாள், இல்லை துடைப்பத்தாலேயே அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. சொன்னால் பாரம் இறங்கும் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான், அதையும் எதிர்பார்த்துத்தான் நின்றார்.

"எங்க நைனாவாண்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அவள் நைனா உத்திராபதி இறந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. கௌஸ் பாஷா இல்லையென்று தலையாட்டினார்.

"அம்மாவ எடுத்த அன்னிக்கி, நீதான்டி கொன்னேன்னாரு. அதோட சரி. அஞ்சு வருசம் ஒரே ஊட்ல சோறு போட்டேன், என்னாண்ட ஒரு வார்த்த பேசல. அவரு சாவுக்கு நீங்க வந்தீங்க, மால போட்டீங்க. அதுக்கு ஒரு மாசம் முன்ன வந்து இத சொல்லியிருந்தா, சாரதான்னு ஒரு வாட்டி கூப்ட்டிருப்பாரு பாய்."

அவள் மறுபடி பெருக்கத் தொடங்கினாள். வெயில் ஏறுவதற்குள் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்ப வேண்டியிருந்தது.