குரங்குக்கு டப்பா சரி, நமக்கெதுக்கு?

பெட் கிளினிக்ல வேலைன்னு சொன்னா போதும், சுத்தி உக்காந்துடுவீங்க. நாய் கடிச்ச கதை சொல்லு, பூனை மாதிரி கத்திக் காட்டு. கத்துறேன். ஆனா இன்னிக்கு அதெல்லாம் இல்ல, கக்கா கதைதான். தாம்பரத்துல எங்க கிளினிக்ல அதை மைக்ராஸ்கோப்புல பார்க்கிறதுதான் என் பொழப்பு. அதை நாலு பேர்கிட்ட வாய் விட்டுக் கேட்டு வாங்கினவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மோஷன்

நாவலூர்ல ஐடி சார் ஒருத்தர். உள்ளங்கையில அடங்குற வெளிநாட்டுக் குரங்கு வளர்க்கிறார். பேப்பரெல்லாம் பக்கா. பேரு சிண்டு. வயித்தால போகுது, இளைச்சுட்டே வருதுன்னு கொண்டு வந்தார். "நாளைக்குக் காலையில மோஷன் எடுத்துட்டு வாங்க சார்"னேன்.

வந்தார். டப்பா இல்ல, போனை நீட்டினார். சிண்டு கர்ட்டன்ல ஏறுது, சோபாவுல குதிக்குது. நான் முழுசா பார்த்தேன். அவரே பெருமையா சொன்னார்: "ஸ்லோ மோஷனும் எடுத்திருக்கேன் பாஸ்!"

ப்யூர் வெஜ்

அப்புறம் நானே டப்பா குடுத்தனுப்பி, அதுவும் வந்துச்சு. லென்ஸ்ல பார்த்தா கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம், அத்தனையும் புழு முட்டை. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: "இதுல சிலது மனுஷங்களுக்கும் ஒட்டும், உங்ககிட்டேருந்து சிண்டுவுக்கும் போகும். அதைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. வீட்ல எல்லாரும் உங்க டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் பண்ணிக்கோங்க."

சார் பதில் சொன்ன குரலை இப்பவும் நான் அப்படியே மூக்கால பேசிக் காட்டுவேன்: "டாக்டர், நாங்க ப்யூர் வெஜ். எங்களுக்கு எப்படி புழு வரும்?"

கண்ணு

மருந்துல சிண்டு தேறுச்சு. கொஞ்ச நாள்ல மறுபடி அதே கதை. இந்தத் தடவை மேடமும் ஏழு வயசுப் பொண்ணும் கூட வந்தாங்க. பாப்பா வயித்தைப் புடிச்சிக்கிட்டு மூலையில சுருண்டு உக்காந்திருந்துச்சு. குரங்கை விட அதுதான் இளைச்சிருந்துச்சு. ஒரு குரங்குச் சத்தம் விட்டுக் காட்டினேன். சிரிக்கக்கூட தெம்பில்ல.

"பாப்பாவை யார்கிட்டயாவது காட்டினீங்களா மேடம்?"னு கேட்டேன். "கண்ணு பட்டிருக்கு அண்ணா, சுத்திப் போட்டிருக்கோம். புழு டெஸ்டுன்னு அபார்ட்மென்ட் குரூப்புல தெரிஞ்சா மானம் போயிடும்."

தனித் தட்டு

உள்ளே டாக்டரம்மா சாரைக் கேட்டாங்க, பாப்பா சிண்டுவோட சாப்பிடுமான்னு. கதவு தொறந்துதான் இருந்துச்சு, சிண்டு கூண்டோட வெளிய பாப்பாகிட்ட இருந்துச்சு. "சான்ஸே இல்ல டாக்டர். அதுக்குத் தனித் தட்டு, தனி ரூம். பாப்பா தொடவே மாட்டா."

நாய்க்கு ஊசி போட படப்பையிலேருந்து வந்த இட்லிக்கடை அக்கா, பாப்பா பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. அங்கேருந்தே கத்துச்சு: "இன்னா சார் தனித் தட்டு? கொரங்கு கடிச்ச பிஸ்கோத்த உம் பொண்ணு புடுங்கித் துன்னுகினு கீது, வந்து பாரு!"

சார் தலையைக் குனிஞ்சிக்கிட்டு வந்து என்கிட்ட பாப்பாவுக்கு இன்னொரு டப்பா கேட்டப்போ தோணுச்சு, இத்தனை வருஷத்துல டெஸ்டு வேணாம்னு அடம் புடிச்ச குரங்கை மட்டும் நான் பார்த்ததே இல்ல.