ஒரு பிடி சோற்றில் எடுத்த கடைசிக் காட்சி

இன்ஷாபின் முதல் முழுநீளப் படத்தை நான் படித்த பல்கலைக்கழகத்தில் போட்டார்கள். கடைசி நான்கு நிமிடமும் மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன் ஒன்று, அதில் ஒரு பிடி சோறு, இரண்டு வயதான கைகள். பேச்சே கிடையாது. விளக்கு எரிந்ததும் எங்கள் விரிவுரையாளர் திரும்பி, இந்தப் படத்தை எடுத்த ஆளை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். "எங்கட ஊர், சேர்" என்றேன். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போனவன் நான். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருக்கவில்லை.

இன்ஷாப் ஆலங்குடாவில் பிறந்தது 1991 இல். அதற்கு முந்திய வருஷம்தான் அவருடைய வாப்பாவும் உம்மாவும் யுத்தத்தில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு இங்கே வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தை முடித்ததும் முந்தலில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். யுத்தம் ஓய்ந்து ஊரெல்லாம் கலியாணமாக இருந்த காலம். வீடியோ எடுக்கிறவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் ஆண்பிள்ளை கெமரா கொண்டுபோக முடியாது. அதனால் மனைவி ஷிஹாராவைப் பழக்கினார். ஆறு மாதத்தில் ஷிஹாராவின் கை அவருடைய கையைவிட நிதானமாகிவிட்டது. "நீங்க எழுதுங்க, நான் எடுக்கிறேன்" என்று அவர் சொன்ன நாள்தான் தன் சினிமா தொடங்கிய நாள் என்பார் இன்ஷாப்.

திரைக்கதை எழுத நான்கு வருஷம் பிடித்தது. மன்னாரிலிருந்து வந்த ஒருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரும் கிணற்றுத் தண்ணீருக்காகப் பகைத்துக்கொள்கிறார்கள். இருபது வருஷம் பேச்சில்லை. கடைசியில் ஒரு கலியாண வீட்டில் இருவரும் ஒரே சஹனில் உட்கார நேர்கிறது. அங்கே அவர்கள் பேசிச் சமாதானமாகும் வசனம் மட்டும் எட்டுப் பக்கம். நடித்தவர்கள் ஊர் ஆட்கள்தான். உப்பளத்தில் வேலை செய்யும் ஜப்பார் நானாவும் மீன் வியாபாரி ஹயாத்து முகம்மதுவும் அந்த இரண்டு பகையாளிகள். நிஜத்தில் இருவரும் தினமும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்.

2016 இல் அந்தக் காட்சி மட்டுமே மிச்சமிருந்தது. நல்ல கெமரா சிலாபத்திலிருந்து இரவலாக வந்திருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், உடையவருக்கு அடுத்த நாள் ஒரு கலியாணம் எடுக்க இருந்தது. பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முடிவில்லாத படத்தை எந்த விழாவுக்கு அனுப்புவது?

ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன் ஆக்கியிருந்தார்கள். முதலில் ஒத்திகை என்று சொல்லி ஆறு பேரையும் உட்காரவைத்துவிட்டு, இன்ஷாபும் ஷிஹாராவும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் துணி கட்டப் போனார்கள். திரும்பி வந்தபோது சஹனின் அடி தெரிந்தது.

"ஒத்திகை எண்டுதானே சொன்னேன், நானா?"

"பிஸ்மி சொல்லிக் கைய வெச்சிட்டோமே தம்பி. அதுக்குப் பிறகு சோத்தப் பாத்துக்கொண்டா இருக்கிற?" என்றார் ஜப்பார் நானா. இறைச்சி நல்ல பதம் என்று ஹயாத்து முகம்மது தன் பங்குக்குச் சொன்னார்.

அதைவிட, பகையாளியாக உட்கார்ந்த ஜப்பார் நானா நல்ல துண்டுகளையெல்லாம் ஹயாத்து முகம்மதுவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாராம். பகையாளிக்கு யாராவது இறைச்சி தள்ளுவார்களா என்று இன்ஷாப் கேட்டார்.

"சஹன்ல இருக்கிற வரைக்கும் பகை இல்ல, தம்பி. எழும்பின பிறகு பாத்துக்கொள்ளுவோம்."

இன்ஷாப் கதிரையில் சாய்ந்துவிட்டார். இன்னொரு சஹன் ஆக்க நேரமில்லை. நான்கு வருஷம் போனது போனதுதான் என்று நினைத்தாராம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. பல்லில்லாத ஹயாத்து முகம்மது மட்டும் இன்னும் மெதுவாக மென்றுகொண்டிருந்தார், அவர் பக்கம் ஒரு பிடி சோறு மிச்சமிருந்தது. ஜப்பார் நானாவோ வயிறு நிறைந்த பிறகும் வெறும் எலும்பொன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அதில ஒண்டுமில்லையே நானா?"

"நான் கைய எடுத்தா அவரும் எடுத்துருவார். அவர் பாதி வயித்தோட எழும்பலாமா?"

இன்ஷாப் எட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். யாரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது, இப்போது இருப்பதைப் போலவே இருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஷிஹாரா ஏற்கனவே கெமராவுக்குப் பின்னால் நின்றார். இருந்தது ஒரு பிடி சோறு. ஒரு தடவைதான் எடுக்க முடியும். கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தை எடுத்துப் பழகிய கை அது, ஆடவில்லை. ஹயாத்து முகம்மது கடைசிப் பருக்கையை வழித்து விரலைச் சூப்பிய பிறகுதான் ஜப்பார் நானா எலும்பைக் கீழே வைத்தார். அதோடு படம் முடிகிறது.

கெமரா அஸருக்கு முன்பே பஸ் ஏறியது. அடுத்த வருஷம் படம் இரண்டு வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கியது. எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், சோறு அவ்வளவுதான் இருந்தது என்றாராம் இன்ஷாப்.

இப்போது நான்காவது படம். போன கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஷிஹாரா திரைக்கதையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டார்.

"நடிக்கிற ஆக்கள் வந்து இருக்கட்டும்" என்றார் இன்ஷாப். "அவங்க காட்டுவாங்க."