றொசல்லயில் ஒரு ஸ்வெட்டரின் சிவப்பு

காலை 5.55க்குக் கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினேன். பையில் ஒரு டிஜிட்டல் கமராவும், அட்டைச் சட்டத்துக்குள் ஒரு ஸ்லைடும். இருபத்தாறு வருடங்களுக்கு முன், எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம், றொசல்லத் தேயிலைச் சரிவில் மரகதத்தை எடுத்த படம் அது. சிவப்பு ஸ்வெட்டர், பொன்னாய் மின்னும் முகம். மரகதம் போன வருடம் இறந்துவிட்டாள். அந்தப் படம் எடுத்த பிலிமை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதன் நிறங்களை அப்படியே தரும் என்று சொல்லித்தான் இந்தக் கமராவை விற்றார்கள்.

பதினொரு மணிக்கு ஹட்டன். அங்கிருந்து றொசல்லவுக்கு ஆட்டோவில் ஆயிரம் ரூபாய். மழையா என்று கேட்டேன். “காலையிலதாங்க விட்டுச்சு. பனி இறங்குறதுக்குள்ள போயிருவோம்,” என்றார் ஓட்டுநர்.

மரகதத்தின் தங்கை பாக்கியம், தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் காத்திருந்தாள். ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் சிரித்தாள்.

“இவ்ளோ சிவப்பு இல்லீங்க அத்தான். அந்த ஸ்வெட்டர் எங்கிட்டதான் இருக்கு.”

எடுத்து வந்தாள். செங்கல் நிறம்.

“வெளுத்திருக்கும்,” என்றேன்.

தையலைப் புரட்டி உள்மடிப்பைக் காட்டினாள். அங்கும் செங்கல் நிறம்தான்.

பழைய பிலிமின் நிறத்துக்குக் கமராவை மாற்றி ஸ்வெட்டரைப் படம் எடுத்தேன். திரையில் ஸ்லைடின் அதே சிவப்பு. விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் நேசித்தது பிலிம் போட்ட சிவப்பைத்தான். ஸ்வெட்டரைக் கேட்க வாய் வரை வந்தது.

“குளிர் கூடுனா காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு இதத்தான் போட்டுக்கிட்டுப் போவேன்,” என்றாள். நான் அதைக் கேட்கவில்லை.

“அப்போ முகத்துல இருக்கிற இந்த மினுமினுப்பும் பிலிம்தானா?” என்றேன்.

பாக்கியம் மறுபடி ஸ்லைடைப் பார்த்தாள்.

“இல்லீங்க. அன்னைக்கு அக்காவுக்குக் காய்ச்சல். நீங்க கொழும்புல இருந்து வர்றீங்கன்னு எந்திரிச்சு வந்துச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு.”

திரும்பும் ரயில் வட்டவளையைத் தாண்டும்போது மழை பிடித்தது. ஸ்லைட் பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு. அதனால் மேகம் விலகட்டும் என்று அன்று மரகதத்தை அரை மணி நேரம் நிற்கவைத்திருந்தேன். ஈரக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. “சரியா வந்துச்சாங்க?” என்று மட்டும் கேட்டாள்.