நார்மல் பெர்னார்டின் ரத்தம்

பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனை. அதன் ரத்த ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக டெக்னீசியனாக இருந்த பெர்னார்டுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான்: கோளாறில்லாத ரத்தம். எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டுமே, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பவர் அவர்தான். ஆய்வகமே அவரை ‘நார்மல் பெர்னார்ட்’ என்றது. பத்மஸ்ரீ வாங்கியவர்கூட இவ்வளவு மிடுக்காக நடந்திருக்க மாட்டார்.

இரண்டாயிரத்து ஆறில் ஆய்வகத்தின் டாக்டர் ஸ்ரீகண்டன் இரண்டு சோதனை முறைகளை மோதவிட்டார். சிவப்பணு கட்டுக்கடங்காமல் பெருகும் ஒருவகை ரத்தப்புற்றில், மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அதைப் பிடிப்பதில் எந்த முறை கெட்டி? என்சைமால் டி.என்.ஏ.வை வெட்டிப் பார்ப்பது பழைய முறை; நூறு பிரதியில் இருபதாவது கெட்டிருந்தால்தான் அது கண்ணைத் திறக்கும். மாறிய எழுத்தை மட்டும் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். புதிய முறை; நூற்றில் இரண்டு இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும். முப்பது நோயாளிகள், கூடவே நார்மல் பெர்னார்ட்.

வெட்டும் முறையில் பெர்னார்ட் சுத்தம். மறுநாள் பதினோரு மணிக்கு பி.சி.ஆரில் பெருகியதைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லை விளக்கில் வைத்தால், அவருடைய வரிசையில் மாறிய எழுத்துக்கான மெல்லிய கோடு ஒன்று மினுங்கியது.

பெர்னார்ட் ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஐரின், எனக்கே அந்த வியாதி இருக்கும்போல.”

“எந்த வியாதிங்க?”

“ரத்தம் ஜாஸ்தி ஆகற வியாதி.”

“காலையில ஏழு இட்லி தின்னப்பவே நெனச்சேன்,” என்ற மனைவி, விசும்பிக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் வந்து ஜெல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கன்னடம் கலந்து கேட்டார்.

“ஏன்ரீ பெர்னார்ட், ரத்தத்துக்குப் பதிலா வெறும் தண்ணி வெக்கற குழாய் எங்க?”

“தண்ணியில என்னா சார் பார்க்கறது? ஒரு எடம் வேஸ்ட்டுன்னு விட்டுட்டேன்.”

“ஆயித்து, அங்கதான் தப்பு! புதுசா ரத்தம் குடுங்க. உங்க ரத்தம், தண்ணி ரெண்டையும் துளித்துளியா உறிஞ்சி விடற அந்தப் பழைய பைப்பெட்டுல ஒருதரம், புதுசுல ஒருதரம் ஓட்டுங்க.”

மெஷின் ஓடி முடிவதற்குள் பெர்னார்ட் செபமாலை இரண்டு சுற்று முடித்துவிட்டார். விளக்கைப் போட்டார்கள். புதிய பைப்பெட்டில் இரண்டு வரிசையும் வெறுமை. பழையதில் பெர்னார்டுக்கும் கோடு, தண்ணீருக்கும் கோடு.

“சார், தண்ணிக்கும் கேன்சரா?”

“தண்ணியும் சொகம், நீங்களும் சொகம். யாரோ நோயாளியோட டி.என்.ஏ. உங்க பைப்பெட்டுல ஒட்டியிருக்கு. புது முறை அதையும் மோந்துடுச்சு. முப்பதையும் திரும்ப ஓட்டணும்.”

“முப்பது என்னா சார், அறுபது ஓட்டறேன்!”

சாயங்காலம் ஆடுகோடியில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக அக்கம்பக்கம். பெர்னார்ட் நின்றபடியே எல்லாவற்றையும் விளக்கினார்.

“பைப்பெட்டாம்!” என்று பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் ஐரினின் காதைக் கடித்தாள். “இந்த ஆம்பளைங்க என்னைக்கு உண்மைய சொன்னாங்க?”

“அக்கா, வெறும் தண்ணியிலயும் அதே கோடு வந்துச்சுங்கறேன்!”

“தண்ணியிலயுமா? சேசுவே!” என்று அலறிய பியாட்ரிஸ், காலையில் பிடித்துவைத்த எட்டுக் குடத்தையும் கவிழ்க்க ஓடினாள். பின்னாலேயே தெருவும் ஓடியது.