லண்டன் நூலகத்தில் ஒரு கொரியக் குறிப்பேடும் நான் வெட்டிய படமும்

கடந்த மார்ச் மாதம் ஐந்து நாள் லண்டன் போய் வந்தேன். கோபுரம், மணிக்கூண்டு, ராட்டினம் எதையும் பார்க்கவில்லை. போனது ஒரே ஒரு குறிப்பேட்டைப் பார்க்க. பழைய ஆவணம் தேடி லண்டன் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்கவும் உதவும்.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். மூன்று வருடத்துக்கு முன் தமிழ், கொரிய ஒற்றுமை பற்றி இங்கே ஒரு பதிவு எழுதினேன். கொரிய மொழிக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணங்களும் அகராதிகளும் பெரும்பாலும் பாதிரிமார், தூதரக அதிகாரிகள் கைவண்ணம். அவர்களில் ஒருவர், அதிகம் அறியப்படாத ஒரு பாதிரியார், கொரியாவுக்கு முன் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர். தன் குறிப்பேட்டில் இருபத்து நான்கு கொரியச் சொற்களுக்கு எதிரே தமிழ்ச் சொற்களை எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் படம் எனக்கு வாட்ஸப்பில் வந்தது. "அன்றே வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டான்" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதை வைத்துத்தான் தென்கிழக்கு லண்டனில் லூயிஷாம் என்ற இடத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி என்னைப் பேசக் கூப்பிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூட்டம். அன்று பகலில், குறிப்பேடு இருக்கும் நூலகத்துக்குப் போய் மூலத்தை நானே படமெடுத்து மேடையில் காட்டுவதாகத் திட்டம்.

தங்கியது வெம்பிளியில், சித்தி மகள் வீட்டில். காலை 8.50க்கு ஜூபிலி தடத்துப் பாதாள ரயில் பிடித்தேன். இறங்கிப் பதினைந்து நிமிட நடை. வாசகர் அட்டைக்குக் கடவுச்சீட்டோடு வீட்டு முகவரிக்குச் சான்றும் வேண்டும். வங்கி அறிக்கையை அச்செடுத்துப் போயிருந்தேன். அதில் வீட்டு எண் இல்லை! அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே எடுத்துப்போனார், இருபது நிமிடம் வரவில்லை. கடைசியில் மின்கட்டண ரசீதைக் கைபேசியில் காட்டித் தப்பித்தேன். கோட்டும் பையும் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. முன்பதிவு செய்திருந்தும் குறிப்பேடு மேசைக்கு வர 1.20 ஆகிவிட்டது. அறையை ஐந்து மணிக்கு மூடுவார்கள்.

உள்ளங்கை அகலக் குறிப்பேடு. பக்கம் கிடைத்ததும் கைபேசியைத் தூக்கினேன், அப்படியே இறக்கினேன். சொற்கள் இருந்தன. அவற்றின் மேல் சிவப்புக் கோடுகளும் இருந்தன. இருபத்து நான்கில் பத்தொன்பது அடிக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் அதே சிவப்பு மையில், நல்ல கொரியக் கையெழுத்தில், ஒவ்வொன்றுக்கும் காரணம். இது சீனத்திலிருந்து வந்தது. இப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லை. எந்த ஊர்க் குழந்தையும் தாயை இப்படித்தான் கூப்பிடும். மீதி ஐந்துக்கு எதிரே, 'இருக்கலாம், எனக்குத் தெரியாது.' கீழே பாதிரியார் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: என் கொரிய ஆசிரியர் சொல்வது சரி, இந்தப் பட்டியலைக் கைவிடுகிறேன்.

கோடுகள் என் படத்தில் ஏன் இல்லை? யாரோ பழைய கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளிலிருந்து (மைக்ரோஃபிலிம்) எடுத்த படம் அது. சிவப்பு மெல்லிய சாம்பல் கீற்றாகத்தான் விழுந்திருந்தது. வலது ஓரத்தில் கொரிய எழுத்தின் வால்கள் கொஞ்சம் தெரிந்தன. கீற்றை அழுக்கு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிப் போக்கினேன். ஓரம் அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டினேன். யாரோ இல்லை, நான்தான். ஊரில் கொரியமும் தமிழும் படிக்கத் தெரிந்த சொற்பப் பேரில் ஒருத்தி, பெரிதாக்கிப் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

2.40க்கு வெளியே வந்து பள்ளிப் பொறுப்பாளர் சிவநேசன் அண்ணனை அழைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கூப்பிட்டவரே அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன கதைக்கிறியள் தங்கச்சி? மண்டபத்தில கதிரை போட்டாச்சு. பன்னிரண்டு பிள்ளையள் உங்கட இருபத்து நாலு சொல்லையும் மூண்டு கிழமையாப் பாடமாக்கி வைச்சிருக்கினம். மேடையில சொல்லத்தான் பெற்றாரெல்லாம் வருகினம்."

"அது தப்புண்ணா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"முந்தியே பாத்திருக்கலாமெல்லோ? இப்ப ஒண்டும் செய்யேலாது. பிள்ளையள் சொல்லட்டும். நீங்கள் அந்தக் கொப்பியைப் பற்றிக் கதையாதேங்கோ, வேற ஏதும் கதையுங்கோ."

"பார்க்கிறேண்ணா" என்று மென்று முழுங்கினேன்.

மறுபடி வாசிப்பறைக்குப் போய் இரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஜூபிலியில் லண்டன் பிரிட்ஜ், அங்கிருந்து லூயிஷாமுக்குப் பெரிய ரயிலில் 11 நிமிடம். அந்தப் பயணம் முழுக்க ஒரே கேள்வி. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தக் குறிப்பேட்டைத் தேடி எவர் வரப்போகிறார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது, சோறு நிறைய இருந்தால் போதும்.

5.15க்கு மண்டபம். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. மேடைப் படியருகே பிள்ளைகள் வரிசையாக நின்று, கையில் அட்டையோடு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவநேசன் அண்ணன் ஒலிவாங்கியோடு ஏறப் போனார். ஓடிப்போய் மறித்தேன்.

"அண்ணா, முதல்ல நான் பேசுறேன்."

"உங்களுக்கு விசரே? பிள்ளையள் நிக்கினம்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவங்க சொல்லி முடிச்ச பிறகு இது பொய்னு தெரிஞ்சா, அவமானம் அவங்களுக்கு. இப்பவே சொல்லிட்டா எனக்கு மட்டும்தான்."

அவர் ஒரு நிமிடம் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே ஒலிவாங்கியை நீட்டினார்.

படத்தைத் திரையில் போட்டேன். முதலில் நான் வெட்டியது, அடுத்து முழுசு. நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் கொரிய இலக்கணங்களில் அட்டையில் ஒரு பெயர் இருக்கும், பின்னால் ஒரு கொரிய ஆசிரியர் இருப்பார், நம் ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்த முன்ஷிகள் போல என்றும் சொன்னேன். கைதட்டல் ஒன்றும் இல்லை. நடு வரிசையில் ஒருவர் எழுந்து, "இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறினார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஆசையோடு வந்த வீட்டில் அடுப்பை அணைத்தவள் நான்.

அப்போது வரிசையின் முதல் பிள்ளை, பதினொரு வயது இருக்கும், அபிநயா என்று அட்டையில் எழுதியிருந்தது, கையைத் தூக்கினாள். "அன்ரி, ரெட் இங்க்கால வெட்டினவற்ற பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை மணி நேரம் அந்தக் குறிப்பேடு என் கையில் இருந்தது. தமிழ் எங்கே, தமிழ் எங்கே என்று தேடினேனே ஒழிய, அந்த மனிதரைத் தேடவில்லை. "தெரியாதும்மா" என்றேன். அவள் கையை இறக்கவே இல்லை. "நீங்கள் தேடேல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பேச வேண்டியிருந்த இன்னொரு கூட்டத்தைக் காலை எட்டு மணிக்கே ரத்து செய்துவிட்டார்கள். ஞாயிறு நூலகமும் கிடையாது, திங்கள் இரவுதான் விமானம். திங்கள் காலை ஒன்பதரைக்கு நூலகம் திறந்ததும் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கும் 'என் ஆசிரியர்' என்றுதான் இருந்தது. கடைசித் தாளின் பின்புறத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி: இன்றோடு பாடம் முடிந்தது, மாணவர் பிடிவாதக்காரர், ஆனால் சொன்னால் கேட்பார். கீழே 'கிம்' என்று குடும்பப் பெயர் மட்டும். கொரியாவில் தெருவுக்குப் பத்து கிம் இருப்பார்கள். இருந்தாலும் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டேன். அவரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வருடம் பெயர் வாங்கியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: நூலகத்தில் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். முகவரிச் சான்றில் வீட்டு எண் இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். ஆவணத்தை மூன்று வேலை நாள் முன்பே பதிந்துவையுங்கள். பேருந்து ஒரு முறைக்கு ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ், காசு வாங்க மாட்டார்கள், வங்கி அட்டை போதும். வெம்பிளியிலிருந்து லூயிஷாம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முழுக்க எனக்கு ரயிலில் ஆன செலவு பதினொரு பவுண்டு எண்பது பென்ஸ். பழைய பதிவை நான் நீக்கவில்லை. முழுப் படத்தை அதன் தலையில் போட்டிருக்கிறேன், திட்ட விரும்புபவர்கள் அங்கேயே திட்டலாம்.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது சிவநேசன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. 'ஆசிரியர் பெயர் கிம். அபிநயாவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா.' படித்ததற்கான நீலக் குறி உடனே விழுந்தது, பதில் இல்லை. விமானத்தில் ஏறி இருக்கை வாரைப் போடும்போதுதான் வந்தது.

'சொல்லிப்போட்டன். முழுப்பேர் என்னெண்டு கேக்கிறா.'